திரையிற் கண்ட பனிமலை

கோடையில் இன்ரர்லாக்கன் புகையிரத நிலையம் இந்தியப் பயணிகளால் நிறைந்துவிடும். 1995இல் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்னும் இந்திப் படத்தின் காட்சிகள் சில இந்நாட்டிலேயே எடுக்கப்பட்டன. அதன் தயாரிப்பாளர் யஷ் சோப்ராவுக்கு 2016இல் இந்நகரிற் சிலையும் எழுந்தது! திரையிற் கண்ட பனியைத் தேடி வருவோர், 1912 முதல் ஓடும் மலைப்புகையிரதத்தில் 3,454 மீற்றர் உயரத்து யுங்ஃபிராவ்யோக்கை அடைகின்றனர்.

நாமோ 1983இன் பின் உயிர் காக்க ஓடிவந்தவர்கள். ஓய்வு தேடுவோர் தங்கும் விடுதிகளின் சமையலறைகளிற் கோப்பை கழுவியோர் பலர் நம்மவரே. விடுமுறை என்றதும் எமக்கு நினைவில் எழுவது காரைநகர்க் கசூரினாக் கடற்கரைதான்.

சென்ற கோடையில் முதன்முறையாக அம்மலைக்குச் சென்றோம். பனியை அள்ளிய மகள் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு கிட்ட இருந்தும் ஏன் முந்தி வரேல்லை?"

பயணச்சீட்டின் விலையை மட்டும் சொன்னோம்.