மெலிந்தோரும் மாத்திரையும்

சர்க்கரை நோய் என்றதும் பருத்த உடலே நம் கண்முன் நிற்கிறது. ஆனால் நம் நாட்டில் ஒல்லியானவர் பலரும் இந்நோயால் துன்புறுகின்றனர். பருத்தவர் உடலில் பெரும்பாலும் இன்சுலின் சுரந்தும் சரிவர வேலை செய்வதில்லை. மெலிந்தவர் பலருக்கோ இன்சுலின் சுரப்பதே குறைவு. நம் ஊருக்கு அருகிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினரும் நியூயார்க் அறிஞரும் சேர்ந்து, ஊட்டக்குறைவால் மெலிந்த நோயாளரை ஆராய்ந்து 2022-இல் இவ்வுண்மையை வெளியிட்டனர். இவ்வகையைப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் 'ஐந்தாம் வகை நீரிழிவு' என ஏற்றுக்கொண்டது.

ஆகவே மருந்திலும் கவனம் தேவை. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். கொஞ்சமாக உண்ணும் மெலிந்த முதியோருக்கு இதனால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும்.

எங்கள் ஆயா மிக ஒல்லி. சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமியன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதத்துடன் 14 கிலோமீட்டர் கிரிவலம் புறப்பட்டார். நாங்களும் உடன் நடந்தோம். அடி அண்ணாமலை அருகே அவருக்குக் கை நடுங்கியது; உடல் வியர்த்தது; பேச்சுக் குழறியது. களைப்பு என்றே பலரும் எண்ணினர். தேநீர்க் கடை அம்மா ஒருவர்தான், "சுகர் மாத்திரை போடறவங்களா? முதல்ல இதைக் குடுங்க" என்று மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார். கால் மணி நேரத்தில் ஆயா எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார். மருந்தின் வேகம் அடங்கும்வரை மீண்டும் தாழலாம் என்பதால் மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்தனர், மாத்திரையையும் மாற்றினர். கிளிபென்கிளமைடு 60 வயது கடந்தோருக்கு ஏற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துப் பட்டியலே கூறுகிறது.

அன்புத் தோழியரே! மாத்திரையை நாமாக நிறுத்துவதும் ஆபத்தே. கிரிவல விரதமோ, தவக்கால ஒருசந்தியோ, ரமலான் நோன்போ, எதுவாயினும் முன்னதாக மருத்துவரைக் கேட்போம். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே இனிப்புத் தருவோம். 'சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா?' என்று தயங்க வேண்டாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்போம். நம் வீட்டுப் பெரியவர் வெளியே கிளம்பும்போது, அவர் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவோமாக!