மீமிசல் அத்தையும் ஆட்டுத்தலைக் கப்பலும்!

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்கு ஊரிலிருந்து அத்தை போன் பண்ணினார். சாப்பிட்டியா, மெட்ராஸ்ல மழையா, யாரையாவது பார்த்து வெச்சிருந்தா இப்பவே சொல்லிடு... இந்த மூன்றும் வழக்கமாக வருபவை. அன்றைக்கு நான்காவதாக ஒன்று வந்தது.

“ஏன்டா, அந்த ரப்பர் பையன் எப்ப வர்றான்?”

“மார்ச் 10 அத்தை.”

“இரு, காலண்டர்ல குறிச்சுக்கிறேன்.”

அத்தைக்கு 67 வயது. மீமிசலில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், “ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?” என்று டிவியை அணைத்துவிட்டுப் போனவர். அவர் இன்று ஒரு ஜப்பான் கதையின் இரண்டாவது சீசனுக்குக் காலண்டரில் வட்டம் போடுகிறார்.

விஷயம் தெரியாத பெரியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் படக்கதைக்கு மங்கா என்று பெயர். அதைக் கார்ட்டூனாக எடுத்தால் அனிமே. அதையே நிஜ மனிதர்களை நடிக்கவைத்து எடுத்தால் லைவ் ஆக்‌ஷன். ‘ஒன் பீஸ்’ என்ற மங்காவை எய்ச்சிரோ ஓடா 1997-ல் ஒரு வார இதழில் தொடங்கினார். வாராவாரம் தொடர், வாராவாரம் ‘தொடரும்’. நம் வீட்டுப் பாட்டிகள் எந்த அவஸ்தையில் வார இதழுக்குக் காத்திருந்தார்களோ, அதே அவஸ்தை. 1999-ல் அனிமே ஆனது. ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டி இன்னும் முடியவில்லை. ரப்பர் மாதிரி நீளும் உடம்பு, தலையில் வைக்கோல் தொப்பி, கடற்கொள்ளையர்களின் ராஜாவாக வேண்டும் என்ற ஆசை. இதுதான் கதாநாயகன் லூஃபி.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். ஆனால், மெரினா மாதிரி அலையடிக்கிற கடலை நினைத்துக்கொண்டு வராதீர்கள். பாக் ஜலசந்தி அது. முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். வீட்டு டிவியில் ஷின்சானும் டோரேமானும் தமிழ் பேசினார்கள். ஷின்சானைப் பார்த்து நான் வாயாடக் கற்றுக்கொண்டேன் என்பது அம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு. அதற்கு மேல் அனிமே வேண்டுமென்றால் கூட்டாளி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போது சென்ட் பாட்டில், கோடாலித் தைலத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கொண்டுவருவார். ‘டிராகன் பால்’, ‘நருட்டோ’, ‘ஒன் பீஸ்’ எல்லாம் அதிலிருந்துதான் எங்கள் மெமரி கார்டுக்கு இறங்கின.

2018 நவம்பர் 16. நான் பிளஸ் டூ. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. விடிந்து பார்த்தால் தென்னையும் கரன்ட் கம்பமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. கரன்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் போன் சார்ஜ் போட 20 ரூபாய். நானும் கூட்டாளியும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போன், ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். டார்ச் அடிக்கக் கூடாது, கேம் ஆடக் கூடாது. அப்போது நாங்கள் 300-வது எபிசோடைத் தாண்டியிருந்தோம்.

கூட்டாளியின் அத்தாவிடம் ஒரு மரப்படகு இருந்தது. புயல் அதைத் தூக்கி கருவைக் காட்டுக்குள் போட்டுவிட்டது. நடுவில் முறிந்து கிடந்தது. பலகைகளை அடுப்பெரிக்கக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. சரி செய்யவும் வழியில்லை. தினமும் காலையில் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.

(இனி வரும் பத்தியில் பெரிய ஸ்பாய்லர் இருக்கிறது. லைவ் ஆக்‌ஷன் மட்டும் பார்ப்பவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். அத்தை, உங்களுக்கும்தான்.)

லூஃபியின் குழுவுக்கு ஒரு கப்பல் உண்டு. பெயர் கோயிங் மெர்ரி. முகப்பில் ஆட்டுத்தலை. சின்னக் கப்பல்தான். அடிபட்டு, ஒட்டுப்போட்டு, இனிச் சரி செய்யவே முடியாது என்று ஆன பிறகும், கடைசியாக ஒருமுறை தன் ஆட்களைக் காப்பாற்ற வருகிறது. பிறகு நடுவில் முறிகிறது. கடலிலேயே அதற்குத் தீ வைத்து வழியனுப்புகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் உங்களைச் சுமந்திருக்கலாமே என்று அந்தக் கப்பல் மன்னிப்புக் கேட்கிறது. 312-வது எபிசோட். அது ஓடிக்கொண்டிருந்தபோது கூட்டாளி போனை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனான். கால் மணி நேரம் கழித்து வந்து, “சார்ஜ் எவ்ளோ இருக்கு?” என்று மட்டும் கேட்டான்.

அதனால்தான், ஒன் பீஸை லைவ் ஆக்‌ஷனாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. 2009-ல் ஹாலிவுட்டில் ‘டிராகன்பால் எவல்யூஷன்’ என்று ஒரு படம் வந்தது. அதையும் ஹார்ட் டிஸ்க்கில்தான் பார்த்தோம். மலைக்காட்டில் வாலோடு வளர்ந்த கோகுவைக் கொண்டுபோய் அமெரிக்க ஹைஸ்கூல் பையனாக்கியிருந்தார்கள். கிளாஸில் பையன்கள் அவனைக் கிண்டல் செய்கிறார்கள்! பிரபஞ்சத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு அட்டெண்டன்ஸ் பிரச்னை. தான் சொன்ன யோசனைகளை யாரும் கேட்கவில்லை என்று கோகுவைப் படைத்த அகிரா டோரியாமா பின்னாளில் வருத்தப்பட்டார். திரைக்கதை எழுதிய பென் ராம்சே 2016-ல் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். ரசிகனாக இல்லாமல், பெரிய சம்பளத்துக்காக எழுதியதுதான் தப்பு என்று ஒப்புக்கொண்டார். ‘டிராகன்பால் எவல்யூஷன்’ வந்த அடுத்த வருஷமே, நம் மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ எடுத்தார். மூலம் அமெரிக்கத் தொடர் என்றாலும் அனிமே ரசிகர்களுக்கு அது சொந்தப் பிள்ளை மாதிரி. அதில் நாயகனின் பெயரைக்கூட வேறு மாதிரி உச்சரித்தார்கள். 2021 நவம்பர் 19-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘கவ்பாய் பீபாப்’ மூன்று வாரம் முடிவதற்குள் ரத்தானது.

கதையை மாற்றுகிறார்கள் என்பதுதான் ரசிகர்களின் கோபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. எங்கள் வீட்டில் யாரும் 300 எபிசோட் அனிமே உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. ஆனால், நிஜ மனிதர்கள் நடித்தால் ஒருவேளை பார்ப்பார்கள். கரன்ட் இல்லாத ராத்திரிகளில் இந்தப் பயல்கள் எதைப் பார்த்து அழுதார்கள் என்பதை அவர்களுக்குக் காட்ட அது ஒன்றுதான் வாய்ப்பு. அது மட்டமாக வந்துவிட்டால், “இதுக்காடா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயம்.

இந்தப் பயம் எங்கள் தலைமுறைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 2022-ல் அது தப்பு என்று தெரிந்தது.

கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ மறுபடி தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காக்கி அட்டை போட்ட பைண்டிங் ஒன்று அத்தையின் பீரோவில் இருக்கிறது. புடவைகளுக்கு அடியில். மணிரத்னத்தின் படம் செப்டம்பர் 30 என்று தேதி அறிவித்ததிலிருந்து அத்தைக்கு நிலை கொள்ளவில்லை. வந்தியத்தேவனைப் பற்றியோ குந்தவையைப் பற்றியோ அவருக்குக் கவலை இல்லை. “பூங்குழலியக் கெடுத்துடாம எடுத்திருக்கானாடா?” என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருந்த மாதிரி. கோடிக்கரை எங்களுக்கு வடக்கே, இதே கடற்கரையில்தான் இருக்கிறது. ராத்திரியில் தனியாகப் படகு வலித்துக்கொண்டு கடலுக்குப் போகிற அந்தப் பெண்ணை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலைத் தாண்ட அனுமதி இல்லாத வயதில் அத்தை படித்திருக்கிறார். இதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தேன்.

குடும்பத்தோடு கார் பிடித்து புதுக்கோட்டை போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது அறந்தாங்கி தாண்டும்வரை அத்தை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடிச்சிருக்கு. ஆனா, என் பூங்குழலி வேற.” வீட்டுக்கு வந்து, புடவை மாற்றுவதற்கு முன்னாலேயே பைண்டிங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1950-லிருந்து 1954 வரை அந்தத் தொடர் முதலில் வந்தபோது மணியம் வரைந்த முகங்கள்தான் நிஜ முகங்கள் என்று நம்பியவர்கள் எத்தனையோ பேர். கோடும் மையும்தான். ஆனாலும் ஐஸ்வர்யா லட்சுமி வந்து நின்றாலும், “நீ யாரும்மா?” என்று கேட்கவைக்கிற கோடு. இரண்டாம் பாகத்தில் மணிமேகலையே இல்லை என்றதும், “ஒரு முழுப் பொண்ணயே காணாமப் பண்ணிட்டாங்க” என்று ஒரு வாரம் புலம்பினார். கோகுவுக்காக நான் புலம்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

2023 ஆகஸ்ட் 31-ல் ஒன் பீஸ் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். அதற்குள் சிங்கப்பூரிலிருந்து கூட்டாளியின் வாய்ஸ் மெசேஜ். அண்ணன் வழியிலேயே போய், அவன் இப்போது அங்கே ஷிப்யார்டில் வேலை பார்க்கிறான். “மச்சான், நான் இன்னும் பாக்கல. மெர்ரி எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லு.”

அத்தை வீட்டு டிவியில் போட்டேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆட்கள் நடிப்பதால் டிவியை அணைக்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது, முந்தின வருஷம் தன் முகத்தில் இருந்த பயம் என் முகத்தில் இருந்ததைப் பார்த்திருக்கலாம்.

நன்றாக இருந்தது. முழுக்க இல்லை. ரப்பர் கை நீளும்போது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. நாற்பத்து சொச்சம் எபிசோடுகளில் ஆற அமரச் சொன்னதை எட்டு எபிசோடில் அடைத்ததில் மூச்சு முட்டுகிறது. ஆனால், மூலக்கதையைப் பார்த்து இவர்கள் கூச்சப்படவில்லை. நத்தையை டெலிபோனாக வைத்துப் பேசுவார்கள். அதை வைத்துக்கொண்டே எடுத்திருந்தார்கள். தனக்குத் திருப்தி ஏற்படும்வரை தொடரை வெளியிடுவதில்லை என நெட்ஃப்ளிக்ஸ் ஒப்புக்கொண்டிருப்பதாக ஓடா ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அது சும்மா சொன்னதில்லை என்று தெரிந்தது. மெக்ஸிகோ பையன் இனாக்கி கோடாய் சிரித்தபோது, எட்டு வருஷமாக என் தலைக்குள் இருந்த லூஃபி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தான். மெர்ரியை கிராபிக்ஸில் ஒப்பேற்றாமல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நிஜமாகவே கட்டியிருந்தார்கள். கூட்டாளிக்கு ஒரு வரி அனுப்பினேன்: “மரம்டா. நிஜ மரம்.”

அத்தை கீரையை மறந்தது நாமியின் கதையில். தன் கிராமத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஆர்லாங் என்ற மீன்மனிதனிடமிருந்து ஊரை விலைக்கு வாங்க, பத்து வயதிலிருந்து காசு சேர்க்கிற பெண் அவள். பத்துக் கோடி பெர்ரி. முழுத்தொகையும் சேரப்போகிற நேரத்தில் அதிகாரி ஒருவன் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறான். “இது நம்ம குழுக் கடன் கதையால்ல இருக்கு” என்றார் அத்தை. சத்துணவுக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஓர் அக்கா, வாரத் தவணைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். நாமி மணலில் உட்கார்ந்து அழுது, கடைசியில் உதவி கேட்க, லூஃபி தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைக்கிறான். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அடுத்ததப் போடு” என்றார்.

“இதுக்காடா?” என்று கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது சீசன். இந்த முறை குழுவில் சாப்பர் சேர்கிறான். பேசுகிற, வைத்தியம் பார்க்கிற கலைமான்குட்டி. அனிமேயில் கொள்ளை அழகு. கிராபிக்ஸில் கொஞ்சம் பிசகினால் திருவிழாவில் விற்கிற கரடி பொம்மை மாதிரி ஆகிவிடும். நருட்டோவையும் ஹாலிவுட்டில் படமாக்கும் வேலை நடக்கிறது. அதற்கான கவலையைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

கூட்டாளியின் கவலை வேறு. மூன்றாவது சீசனுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று சொன்னதும், “மெர்ரி எரியிற சீனுக்கு வர எத்தனை சீசன் ஆகும் மச்சான்?” என்று கேட்டான். இந்த வேகத்தில் போனால் இன்னும் பல வருஷம். அதற்குள் பாதியில் நிறுத்திவிடக் கூடாதே என்பது அவன் வேண்டுதல். அத்தா கார்ட்டூன் பார்க்க மாட்டார். இதைப் பார்ப்பார். அப்போது லீவு போட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் இப்படிச் சொல்வான். மறுநாள், “வேணாம்டா, அத அவருக்குக் காட்ட வேணாம்” என்பான். அந்த மரப்படகுக்குப் பதில் அவர் வாங்கிய ஃபைபர் படகுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

அன்றைக்கு போனை வைப்பதற்கு முன்னால் அத்தை கேட்டார்: “அந்த ஆட்டுத்தலைக் கப்பல் கடைசி வரைக்கும் கூடவே வருமில்ல?”

“என்னது அத்தை? சரியாக் கேக்கல. இங்க டவர் இல்ல, அப்புறம் கூப்பிடுறேன்.”