புக்கிட் தீமாவில் நிற்காத வண்டி

தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குள் காலெடுத்து வைத்ததும் டீசல் நெடியும் சாப்பாட்டுக்கடைக் கல்லில் வேகிற ரொட்டியின் மணமும் கலந்து வந்து முகத்தில் மோதும். உங்களுக்கும் நினைவிருக்கும். தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் கூரை. சுவர்ச் சித்திரங்களில் நாற்று நடுகிறவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், மாட்டுவண்டி. 1932இல் கட்டிய கூடம் அது. பெஞ்சில் உட்கார்ந்து அந்த மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி தாமதமானதுகூடத் தெரியாது.

சிங்கப்பூருக்குள்ளே இருந்தாலும் அது அப்போது மலேசிய ரயில்வேயின் மண். 1998இல் சிங்கப்பூரின் குடிநுழைவுச் சாவடி உட்லண்ட்ஸுக்குப் போன பிறகு, நடைமேடையிலேயே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவோம். சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பியதாகக் கணக்கு எழுதுவது அதற்கப்புறம் உட்லண்ட்ஸில்தான். நடுவில் எந்த நாட்டில் இருந்தோமோ, எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் மனசு லேசாக இருக்கும்.

20 ரிங்கிட் டிக்கெட் என்றால் இங்கே 20 சிங்கப்பூர் வெள்ளி வாங்குவார்கள். விவரம் தெரிந்தவர்கள் பஸ் பிடித்து ஜொகூர் பாரு போய் அங்கே வண்டி ஏறுவார்கள். நான் ஒருநாளும் அப்படிப் போனதில்லை. வழியில் வரும் புக்கிட் தீமா ஸ்டேஷனை விட்டுக்கொடுக்க மனம் வராது.

அங்கே வந்ததும் வண்டி தளர்நடைக்கு இறங்கும். ஒற்றைத் தண்டவாளம், அடுத்த துண்டுப் பாதைக்குரிய சாவி கைக்கு வந்தால்தான் டிரைவர் அதில் வண்டியை விடலாம். சாவியைத் தோல்பையில் போட்டு, ஆள் தலை நுழைகிற அளவு வளையத்தில் மாட்டியிருப்பார்கள். ஸ்டேஷன்காரர் பாதையோரம் நின்று அதைத் தூக்கிப் பிடிப்பார். இஞ்சினிலிருந்து ஒரு கை நீளும். இந்த வளையம் போகும், அந்த வளையம் வரும். கதவோரம் நிற்கிற நமக்கு, வெயிலில் கறுத்த அவர் முழங்கையும் பாதி மூடிய கண்ணும் ஒரு கணம் பக்கத்தில் வந்து பின்னால் போய்விடும். அப்புறம் இரும்புப் பாலம் தடதடக்கும்.

ஜொகூர் கடற்பாலம் தாண்டினால் பிறகு அவசரமே கிடையாது. குளுவாங், பாலோ, லாபிஸ், சிகாமட் என்று ஊர் ஊராக மூச்சுவிட்டுக்கொண்டு போகும். செம்பனை, செம்பனை, நடுவே வரிசை தப்பாத ரப்பர் மரங்கள். டிசம்பர் மழையில் சன்னல் கண்ணாடி முழுக்க ஒரே பச்சையாகக் கரைந்து ஓடும். குளுவாங் நடைமேடைக் காப்பிக்கடையில் 1938லிருந்து கோப்பி ஆற்றி வந்தார்கள். சுட்ட ரொட்டியில் காயா தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு தருவார்கள். வண்டி நிற்கிற இரண்டு நிமிஷத்தில் நமக்கு வாய்ப்பது மணம் மட்டும். பையிலிருக்கும் நாசி லெமாக் பொட்டலத்தை அந்த மணத்தோடு சேர்த்துப் பிரிப்பதுதான் வழக்கம்.

ஒருமுறை எதிர்வண்டிக்காக ஏதோவொரு சின்ன ஸ்டேஷனில் வெகுநேரம் கிடந்தோம். பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்த பெரியவர் சன்னலோரம் வந்து, “பசியாறியாச்சாங்க?” என்றார். அவருடைய தாத்தா இதே பாதைக்குச் சல்லி சுமந்தவராம். சொல்லிவிட்டு, சொந்த வீட்டு வாசலைப் பார்ப்பதுபோலத் தண்டவாளத்தைப் பார்த்தார். எத்தனை பேருடைய தாத்தாக்கள்!

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி கிளம்பியது. ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். தண்டவாளமெல்லாம் சனங்கள், கையில் கேமரா, கண்ணில் நீர். பிறகு உட்லண்ட்ஸ் வரையான பாதையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அந்த இரும்புப் பாலத்தில் நின்றிருந்தேன். சைக்கிள்கள் போயின. வளையம் தூக்கிப் பிடித்த அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வண்டி நின்றிருந்தால்தானே கேட்பதற்கு.