பழுதும் பழமையும்

பழையது என்னும் சொல்லை நாம் இரு வேறு உணர்வோடு வழங்குகிறோம். பழைய துணி, பழைய இரும்பு என்று சொல்லும்போது, கழித்துவிட வேண்டியது என்ற குறிப்பு அதில் ஒலிக்கிறது. பழைய நட்பு, பழைய கோயில் என்னும்போதோ, காத்துக்கொள்ள வேண்டியது என்று பொருள்படுகிறது. பழுதும் பழமையும் ஒரே பொருளில் கலந்து கிடந்தால் எதை நீக்குவது, எதை வைப்பது? கடந்த ஈராண்டுகளாக, ஓய்வு கிடைத்த மாலைகளில், பங்கு இல்லத்தின் பின்கட்டில் ஒரு மோட்டார் சைக்கிளைச் சீர்செய்து வந்த நமக்கு, இக்கேள்வி ஒவ்வொரு திருகாணியிலும் எதிர்ப்பட்டது.

அது 1968-ஆம் ஆண்டின் புல்லட். நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியது. அவர் நோயுற்ற பின் மாட்டுக்கொட்டிலில் பதினோர் ஆண்டுகள் நின்றிருந்தது. “காயலான் கடைக்குப் போடுவதைவிட உங்களிடம் இருக்கட்டும், ஃபாதர். ஓடும்படி செய்தால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று மகன் கொண்டுவந்து இறக்கினார்.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். இந்தியப் படையின் தேவையை முன்னிட்டு, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிற்று. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பின்னர்ப் பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். 1970-இல் தாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. சேயோ நம் மண்ணில் வளர்ந்தது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்னும் பழைய ஆங்கில வழக்கத்தை அது நெடுங்காலம் கைவிடவில்லை. நம்மிடம் வந்த வண்டியும் அவ்வழக்கினதே.

எஞ்சினுக்குள் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. நம் ஊரின் முதிய மெக்கானிக் பாய் வந்து பார்த்து, பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே டீசலை ஊற்றினார். “அடிச்சா உடையும், ஊறப்போட்டா வரும், ஃபாதர்” என்றார். ஒன்பதாம் நாள் அது அசைந்தது. அதன் பின்னரே பிரித்தோம். கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியையும் படம் பிடித்து, கழற்றியவற்றைத் தனித்தனி டப்பாக்களில் இட்டு, பெயரெழுதி ஒட்டி வைத்தோம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்பதை முதலில் பார்த்துக்கொண்டோம்.

சிலவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. இந்த எஞ்சினின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கொள்ளளவு 346 சி.சி. தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட சிலிண்டரை லேத் பட்டறையில் போர் அடித்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்தினோம். பேரிங்குகள், கிளட்ச் பிளேட்டுகள், பிரேக் லைனிங், கேபிள்கள், டயர்கள் யாவும் புதியவை. உயிரைத் தாங்கும் பாகத்தில் பழமைக்குச் சலுகை காட்டலாகாது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில், தீசியஸ் என்னும் கிரேக்க வீரனின் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். ஏதென்சு மக்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றி அக்கப்பலைக் காத்தார்கள் என்றும், அது பழைய கப்பலேயா, வேறா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். வகுப்பறையில் அது அறிவுக்கு விருந்து. பின்கட்டிலோ, கையில் ஸ்பேனரோடு நிற்பவன் அன்றன்று விடை சொல்லியாக வேண்டும். பாய் ஓர் ஆலோசனை சொன்னார்: “இந்த ஆறு வோல்ட் வெளிச்சம் எதுக்கும் பத்தாது, பன்னிரண்டுக்கு மாத்திடலாம்.” நன்மையான யோசனைதான். ஆயினும் அதற்கு அம்மின்னமைப்பின் பெரும்பகுதியைக் களைய வேண்டியிருந்தது. இரவில் ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்து, ஆறு வோல்ட்டையே வைத்துக்கொண்டோம்.

மெய்யான சிக்கல் பெட்ரோல் டேங்கில் இருந்தது. அதன் நிறம் அரக்குச் சிவப்பு. ஓர் ஓரத்தில் பூச்சு உரிந்த இடத்தை வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்தபோது, அடியில் கறுப்பும், அதன்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோடும் தெரிந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அதுவே. செய்தியறிந்த மகன் மகிழ்ந்தார். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஐம்பது ஆண்டைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளை ‘விண்டேஜ்’ எனப் பதியலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு விடாமல் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். அவ்வாறு பதிந்து, தொழிற்சாலை நிறத்தோடு அணிவகுப்பில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. “சுரண்டிவிடுங்கள், ஃபாதர். அசல் வெளியே வரட்டும்” என்றார்.

மறுவாரம் அவருடைய தமக்கை வந்தார். தந்தையின் சொத்தைப் பிரித்த நாளிலிருந்து உடன்பிறந்த இருவருக்கும் பேச்சு இல்லை. டேங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “இந்தச் சிவப்பு எங்கள் அப்பா பிரஷ் பிடித்து அடித்தது, சாமி. பெயிண்ட் டப்பாவை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்பது வயது.” உற்று நோக்கினோம். காய்ந்த பூச்சினுள் பிரஷின் மயிர் ஒன்று ஒட்டிக்கிடந்தது.

எது அசல்? தொழிற்சாலையின் கறுப்பா, தகப்பனாரின் சிவப்பா? மகன் வண்டி பிறந்த நாளை எண்ணினார். மகள் அது வாழ்ந்த நாளை எண்ணினார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொன்னால், அது டேங்கோடு நின்றுவிடப் போவதில்லை என்பதும் நமக்குத் தெரிந்திருந்தது.

பழங்கட்டடங்களைக் காப்பது பற்றி 1964-இல் வெனிஸ் நகரில் வல்லுநர்கள் ஓர் உடன்பாடு கண்டார்கள். ஒரு கட்டடத்தில் பல காலங்களில் சேர்ந்த முறையான பணிகள் யாவும் மதிக்கப்பட வேண்டும். முழுவதும் ஒரே பாணியாக்குவது சீரமைப்பின் நோக்கமன்று என்பது அதன் கூற்றுகளுள் ஒன்று. நம் கோயில்களில் பழைய மரப்பீடத்தின்மேல் பளபளக்கும் எனாமலைப் பூசுகிறவர்களும், பூசியதைச் சுரண்டுகிறவர்களும் சிந்திக்கத் தக்க கூற்று அது.

நாம் டேங்கைச் சுரண்டவில்லை. உட்புறத் துருவை மட்டும் வினிகர் ஊற்றிக் கரைத்து, கழுவி உலர்த்தி, வெளியே மெழுகு தேய்த்தோம். மகனிடம் சொன்ன காரணம் இதுதான்: இன்று விட்டுவைத்தால், கறுப்பு வேண்டுமென்று நாளை யாரும் சுரண்டிக்கொள்ளலாம்; இன்று சுரண்டிவிட்டால், தகப்பனார் கைபட்ட பூச்சை நாளை எவராலும் திரும்ப வைக்க இயலாது. மீட்கக்கூடியது, மீட்க இயலாதது என இரு வழிகள் இருந்தால், முன்னதைத் தேர்வதே முறை. விதி வண்டியின் நிறத்தைக் கேட்கவில்லை. சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் மாற்றத்தையே பேசுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினோம். அவர் முழுமனத்தோடு ஒப்பினார் என்று சொல்வதற்கில்லை. “எனக்கு ஏழு வயது. அன்றைக்கு என்னை டப்பா பிடிக்க விடவில்லை” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

வண்டியைக் கிளப்பிய நாளில் இருவருமே வந்திருந்தார்கள். இதனை வலிமையால் கிளப்ப இயலாது. டிகம்பரசரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் நிலையை அறிந்து, பின்னர் ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும். மகனுக்கு அந்த முறை மறந்திருந்தது. தமக்கை முள்ளைப் பார்த்து, “இப்போது மிதி” என்றார். மூன்றாம் மிதியில் எஞ்சின் பேசிற்று. உடன்பிறந்தோர் அன்று பேசிக்கொண்டது அந்த இரண்டு சொற்கள்தாம்.

கழற்றிய பழைய பாகங்களை எறியவில்லை. ஒரு பெட்டியிலிட்டு வண்டியோடு கொடுத்தோம். அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகமும். எந்தப் பாகம் எந்நாளில் மாற்றப்பட்டது, எது தொடப்படாமல் விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்பவை அதில் உள்ளன. பங்கின் பதிவேடுகளை எழுதிப் பழகிய கைக்கு அது புதிதன்று. பின்னொரு நாள் வேறொருவர் இந்த வண்டியைப் பிரிப்பார். அவர் கறுப்பைத் தேர்ந்தாலும் சிவப்பைத் தேர்ந்தாலும், அறிந்து தேரட்டும்.