பெயர் எழுதும் மாதம்

கத்தோலிக்கக் கிராமமொன்றில் கடிகாரம் இல்லாமலே வாழலாம். நான் படிப்பிக்கும் ஊர் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையோரத்தில் இருக்கிறது. விடியற்காலை ஒரு மணி, நடுப்பகலில் ஒரு மணி, கருக்கலில் ஒரு மணி. அந்த மணியை ஊரின் பழையவர்கள் திருந்தாதி என்பார்கள். அடி விட்டுவிட்டு, நீண்ட இடைவெளியோடு கேட்டால் அது துக்கமணி. அப்போது வலை பொத்திக்கொண்டிருக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு, "ஆருக்கு?" என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வகுப்பிலும் அப்படித்தான். பிள்ளைகள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்கள், எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில்.

தேவாலயத்தை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோயிலைச் சுற்றித்தான் ஊரின் வருடம் ஓடுகிறது. தபசு காலத்தில் இரவிரவாக வியாகுலப் பிரசங்கம் படிப்பார்கள். அதன் இராகம் அழுகையும் பாட்டும் கலந்த ஒன்று. கடற்காற்றோடு எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரும். பெரிய வியாழன் பூசையில் அடித்து ஓய்ந்த மணி சனி இரவு உயிர்ப்புப் பூசை வரைக்கும் பேசாது. மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். பிறகு கொடியேற்றம், நவநாள், திருவிழா. சொரூபம் வைத்த கூடு வீதிவலம் வரும். ஓகஸ்ட் 15க்கு மடு. கடைசியாக நவம்பர் வரும். அது மரித்தோரின் மாதம்.

இறந்தோரை மறக்காமல் வைத்திருப்பது மன்னார்க் கத்தோலிக்கருக்குப் பழைய பழக்கம். 1544இல் மதம் மாறியதற்காக யாழ்ப்பாண அரசனின் ஆணைப்படி கொல்லப்பட்டவர்களின் நினைவு மன்னார்த் தீவின் தோட்டவெளிக் கோயிலில் இன்றும் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடியவர்களின் கதைதான் மடுவின் கதை. அதே சொரூபம் 2008 ஏப்ரலில் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. சனங்கள் அகதியாகும்போது மாதாவும் அகதியாகிறாள் என்று அந்நாட்களில் ஒரு கிழவி சொன்னதாக இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

நானும் அகதியாக வளர்ந்தவன்தான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இருந்து படித்து, ஆசிரியர் கலாசாலைக்குப் போய், யுத்தம் முடிந்தபின் சொந்த ஊருக்குத் திரும்பினேன். நாலு கட்டை தூரத்திலுள்ள இந்தப் பாடசாலைக்கு 2012இல் நியமனம் கிடைத்தது. இந்த ஊர்ச் சனங்களும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். 2008இல் வெளிக்கிட்டு, வன்னி முழுக்க ஓடி, முள்ளிவாய்க்காலைக் கண்டு, செட்டிகுளம் முகாமில் இருந்து மீண்டவர்கள். கோயிலுக்குக் கூரை இல்லை. பாடசாலைக்குக் கதவு இல்லை. சேமக்காலையில் சிலுவைகள் பற்றைக்குள் மறைந்து கிடந்தன.

அடுத்த வருடம் ஒக்டோபர் கடைசியில் மூப்பர் ஐயா பாடசாலைக்கு வந்தார். எழுபதைத் தொட்ட வயது. கையில் ஒரு கொப்பி.

"சேர், உங்கட எழுத்து வடிவெண்டு பிள்ளையள் சொல்லுதுகள். மரித்தோர் பட்டியல் ஒண்டு எழுதவேணும். எனக்குக் கை நடுங்குது."

கலாசாலையில் கரும்பலகை எழுத்துக்கென்று தனியாகப் பயிற்சி தருவார்கள். எழுத்து தலை சாய்ந்தால் விரிவுரையாளர் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். அந்தப் பயிற்சி இப்படியொரு வேலைக்கு உதவுமென்று அவரும் நினைத்திருக்கமாட்டார். நவம்பர் 2ஆந் திகதி பூசையில் அந்தப் பட்டியலைச் சுவாமி வாசிப்பார். பிறகு சேமக்காலைக்குப் போய், கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். சனங்கள் பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். கல்லறையே இல்லாதவர்களின் பெயர்களுக்கு இருக்கும் ஒரே இடம் அந்தப் பட்டியல்தான்.

கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கங்களில் முதுமையில் இறந்தவர்கள், கடலில் போனவர்கள். பிறகு 2009. ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை வந்தது. நாலுக்கும் ஒரே திகதி. நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் அண்ணன்மார், அக்காமார். இடாப்பில் தினமும் காலையில் கூப்பிடுகிற பெயர்களின் மிச்சப் பாதி அந்தக் கொப்பியில் இருந்தது. இரண்டு இரவு இருந்து எழுதி முடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அது என் வேலையாயிற்று.

எங்கள் மார்க்கத்தில் துக்கத்துக்கு எல்லை உண்டு. பொதுவாக மூன்று நாள். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. அதற்குமேல் வாழ்க்கை தன் வேலையைப் பார்க்கவேண்டும். இவர்களோ வருடத்தில் ஒரு மாதத்தையே துக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் இது காயத்தைக் கிளறுகிற வேலையோ என்றுதான் நினைத்தேன். கொஞ்சக் காலம் போகத்தான் விளங்கியது. இடம் ஒதுக்கிக் கொடுத்தால் துக்கம் மற்ற இடங்களில் அவ்வளவாகக் கால் வைப்பதில்லை. டிசம்பர் பிறந்தால் அந்தத் தாய்மார்களே நத்தாருக்குக் கொக்கிசும் பலகாரமும் சுடுகிறார்கள். மூன்று நாளும் முப்பது நாளும் ஒரே காரியத்தைத்தான் வேறு வேறு கணக்கில் செய்கின்றன.

அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருவர் இருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். 2009 மே மாதத்தில் பத்தொன்பது வயது மகனைக் கண்ணுக்கு முன்னால் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதன்பின் காணாதவர். முதல் வருடப் பட்டியலில் ஆரோ அவனுடைய பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் நேராக என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"சேர், என்ர பிள்ளையிட பேரை வெட்டுங்கோ. அவன் மரிச்சவனில்ல."

வெட்டினேன். அது போதவில்லை. "வேற தாளில எழுதுங்கோ. கறுப்பு மையில எழுதாதேங்கோ" என்றார். ஒரு வெள்ளைத்தாளில் நீல மையால் 'திரும்பி வரவேண்டியோர்' என்று தலைப்பிட்டு, அவனுடைய பெயரை எழுதினேன். சுவாமி அந்தத் தாளையும் பீடத்தில் வைத்து வாசித்தார். மறு வருடம் அதில் ஏழு பெயர்கள் இருந்தன.

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டிய இடத்தில் மனித எலும்புக்கூடுகள் வந்தன. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அந்த நாட்களில் அக்கா காலை பஸ்ஸில் போய், தகர வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்புவார். என்ன பார்த்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. 2019 மார்ச்சில், அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் காலக்கணிப்பு அந்த எலும்புகள் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று சொன்னது. அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை, விவாதம் நடந்தது. அக்கா விவாதத்துக்குப் போகவில்லை. "அப்ப என்ர பிள்ளை அதுக்குள்ள இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த வருடத் தபசு காலத்தில் அவர் முகத்தில் ஓர் ஆறுதலைக் கண்டேன்.

தபசு காலம் முடிந்து ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஹோட்டல்கள். உயிரிழந்தோர் 260க்கும் மேல். செய்தவர்கள் எங்கள் பெயர்களைச் சுமந்தவர்கள். அன்று எங்கள் ஊரில் அடுப்பெரியாத வீடுகள் பல. வாப்பா வானொலியை நிறுத்திவிட்டு, "இனி எந்த முகத்தோட அந்த ஊருக்குப் போவாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

விடுமுறை நீடிக்கப்பட்டு மே மாதத்தில் பாடசாலை திறந்தது. வாசலில் பெற்றோரே நின்று புத்தகப்பைகளைச் சோதித்தார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். நின்றவர் என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க போங்கோ சேர்" என்றார். நான் பையைத் திறந்து மேசையில் கொட்டினேன். பாடக்குறிப்புக் கொப்பி, சிவப்புப் பேனை, சாப்பாட்டுப் பெட்டி. "எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே அண்ணை" என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். சாப்பாட்டுப் பெட்டி சாயாமல் இருக்கவேண்டுமென்று நிமிர்த்தி வைத்தார். இருவரும் வேறெதுவும் பேசவில்லை.

எல்லாம் அப்படி இலேசாக முடிந்துவிடவில்லை. பின்னேரக் கணித வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் வருவார்கள். மே மாதத்தில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். ஒரு வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் தருவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு நீர்கொழும்பில் சொந்தம் இருந்தது. எங்கள் ஊரிலும் பெண்கள் சந்தைக்குப் போகப் பயந்தார்கள். அந்த மாதம் வடமேல் மாகாணத்தில் எரிந்த கடைகளின் படங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருந்தன. பயம் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. யூலையில் பதினான்கு பேர், செப்டெம்பரில் இருபது. ஒவ்வொரு பின்னேரமும் வகுப்பில் தலைகளை எண்ணுவேன். நம்பிக்கையை எண்ணிப் பார்க்கக்கூடிய காலமாக அது இருந்தது.

ஒக்டோபர் கடைசியில் மூப்பர் ஐயா வழக்கம்போலக் கொப்பியோடு வந்தார். இந்த வருடம் வேறு ஆளைப் பிடிப்பாரென்று நான் எனக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன். அவர் கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"முதல் வரி ஒண்டு கூடுதலா வருது சேர். 'உயிர்த்த ஞாயிறண்டு கோயில்களில மரித்த எல்லாருக்காகவும்' எண்டு எழுதுங்கோ."

"இதை நான் எழுதலாமா ஐயா?"

"நீங்கதான் எழுதவேணும். வேற ஆள் எழுதினா, ஏன் சேர் எழுதேல்ல எண்டு சனம் கேக்கும். அதுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் சென்றது. நாலு தாள் வீணாயிற்று. நவம்பர் 2ஆந் திகதி கோயிலின் பின்வாசலருகே நின்று சுவாமி அதை வாசிப்பதைக் கேட்டேன். தேத்தண்ணீர் நிறுத்திய வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் நிற்பதற்கு இடம்விட்டுத் தள்ளி நின்றார்.

எங்கள் முறை அடுத்த வருடம் வந்தது. 2020 ஏப்ரல் முதல் கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரித்தேயாக வேண்டுமென்பது நாட்டின் விதியாக இருந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாறியது. என் பெரியும்மா 2020 டிசம்பரில் கொழும்பில் மௌத்தானார். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஜனாஸாத் தொழுகைக்கு உடல் இல்லை. மையவாடியில் அவருக்கு ஒரு பிடி மண்கூட இல்லை. உம்மா பல நாள் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நாள் கணக்கு எங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை.

சேதி கேட்டு அக்கா வந்தார். முகக்கவசத்தோடு முற்றத்தில் நின்றபடியே உம்மாவோடு கதைத்தார். மார்க்கம் பற்றியோ விதி பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் மண் போட ஒரு இடம் இல்லத்தானே தங்கச்சி" என்றார். உம்மா அன்றுதான் வாய்விட்டு அழுதார். அழுது முடிந்து அன்றிரவு சோறு தின்றார். அறுதல் சொல்ல வந்த எங்கள் சொந்தக்காரர் எத்தனையோ பேரால் முடியாததை, கல்லறையில்லாத ஒரு பெண் இன்னொருத்திக்குச் செய்து கொடுத்தார்.

2021 நவம்பரில் மூப்பர் ஐயா கொப்பியைத் தந்துவிட்டுத் தயங்கி நின்றார். "உங்கட பெரியம்மாவிட பேரை இதில எழுதச் சொல்லி நான் கேக்கமாட்டன் சேர். உங்கட முறை வேற. ஆனா சுவாமி வாசிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசாமல் நிப்பம். அதுக்குள்ள நான் அவவை நினைப்பன்." அதற்குமேல் ஓர் அனுதாபத்தை நான் எவரிடமும் எதிர்பார்த்ததில்லை. பெயரை எழுதாமலே ஒருவரை நினைவில் வைக்க முடியுமென்று, ஆண்டாண்டாகப் பெயர் எழுதிய எனக்கு அவர்தான் சொல்லித் தந்தார்.

மூப்பர் ஐயா இப்போது இல்லை. அவருடைய பெயரையும் நான்தான் எழுதினேன். அந்த வரி சாய்ந்துவிடாமல் அடிமட்டம் வைத்து எழுதினேன். கோயிலுக்கு இப்போது ஓட்டுக்கூரை இருக்கிறது. கணித வகுப்பில் இடம் போதாமல் பிள்ளைகள் விறாந்தையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் எழுத்து என்னுடையதைவிட அழகு. சென்ற வருடம் முதல் மரித்தோர் பட்டியலை அவள்தான் எழுதுகிறாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன்.

திரும்பி வரவேண்டியோரின் தாளை மட்டும் என்னிடமே கொண்டுவருகிறார் அக்கா. மகனுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் கணக்குக் கேட்பார். நான் கூட்டிச் சொல்வேன். "அப்ப கலியாண வயசும் தாண்டியிருக்கும்" என்று சிரிப்பார். அவர் சிரிக்கும்போது நான் குனிந்து, நீலப் பேனையின் மூடியைக் கழற்றுவேன்.