ஒரு டன் மூட்டையும் ஒரு பிடி பொன்னும்

புதையல் தேடப் புறப்படுகிறவன் முதலில் தேட வேண்டியது நல்ல மேஜோடு என்று நாம் சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு, வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடி வரையில் நம்முடன் ஒரு நடை வந்து பார்க்கும்படி வேண்டுகிறோம்.

அங்கே சில்கூட் கணவாய் என்று ஒரு மலைப் பாதை இருக்கிறது. அலாஸ்காக் கடற்கரையில் டையா என்னுமிடத்தில் தொடங்கி, மலையேறி, கானடாவைச் சேர்ந்த பென்னட் ஏரியில் இறங்குகிறது. மொத்தம் 33 மைல் தூரந்தான். அந்தப் பாதையோரத்தில் மக்கிப்போன பூட்ஸுகளும், துருவேறிய தகரங்களும், மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய கித்தான் படகுகளின் மிச்சங்களும் கிடக்கின்றன. எல்லாம் பொன்னாசையால் வந்தவர்கள் தூக்க மாட்டாமல் போட்டுவிட்டுப் போனவை. காட்டுக்குப் போகிறவன் எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான பாடப் புத்தகம் நமக்குத் தெரிந்து வேறில்லை.

1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி, யூகான் பிரதேசத்தில் க்ளாண்டைக் நதியில் கலக்கும் ஓர் ஓடையில் பொன் அகப்பட்டது. 1897-ஆம் வருஷம் ஜூலை மாதம் அந்தப் பொன்னைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் ஸியாட்டில் துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் ஒரு டன் பொன் வருகிறதென்று பத்திரிகைகள் முழங்கின. அவ்வளவுதான். குமாஸ்தா பேனாவைப் போட்டான். நாவிதன் கத்தியைப் போட்டான். உபாத்தியாயர் பிரம்பைப் போட்டார். சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள்.

நாமும் ஸியாட்டில் கடைத் தெருவுக்குள் நுழைவோம். மாவு மூட்டைகள் நடைபாதையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. 'க்ளாண்டைக்' என்ற பெயரை ஒட்டிவிட்டால் எந்தச் சரக்கும் விலை போகிறது. ஒருவனுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டியவை என்று அச்சிட்ட ஜாபிதாக்கள் கைக்குக் கை மாறுகின்றன. கோதுமை மாவு 400 ராத்தல், உப்பிட்ட பன்றி இறைச்சி 150 ராத்தல், முரட்டுக் கம்பளியில் மேலங்கி, நிஜார், கம்பளி மேஜோடு ஒரு டஜன், கம்பளிக் கையுறை அரை டஜன், ரப்பர் பூட்ஸ், எண்ணெய்த் துணி உடுப்பு, ரம்பம், ஆணி, கயிறு, படகுக்குப் பூசக் கீல், கடைசியில் கொசுவலை. பனி நாட்டில் கொசுவா என்று கேலி செய்தவர்கள், கோடை வந்ததும் யூகான் கொசுக்களிடம் சரியான பதில் பெற்றார்கள்.

இவ்வளவையும் வாங்கியது வெறும் பயத்தினால் அல்ல. 1897-ஆம் வருஷக் குளிர்காலத்தில், பொன் விளைந்த டாஸன் பட்டணத்தில் பஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆகவே கானடாவின் குதிரைப் போலீஸார் கணவாயின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு வருஷ ஆகாரம் இல்லாதவனை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ஆகாரம் மட்டும் சுமார் 1,150 ராத்தல்; கருவிகளும் உடுப்பும் கூடாரமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டன். ஒரு டன் பொன்னை நம்பி வந்தவன் தலையில் முதலில் ஏறியது ஒரு டன் மூட்டை!

அதை எப்படித் தூக்குவது? ஒரு நடைக்கு 50 ராத்தல் என்றால், 40 நடை. கணவாயின் கடைசி ஏற்றத்தில் பனிக்கட்டியில் சுமார் 1,500 படிகள் வெட்டியிருந்தார்கள். எறும்புச் சாரி போல் மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். மூச்சு வாங்க ஒருவன் வரிசையை விட்டு விலகினால், மறுபடி அதில் புக வெகு நேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த வெள்ளைக் கணவாய் வழியாகப் போனவர்கள் குதிரைகளை நம்பினார்கள். அங்கே மாண்ட குதிரைகள் சுமார் 3,000.

உடுப்பின் குணம் இங்கேதான் தெரிந்தது. பருத்தி நமக்கு உயிர்த் துணை. நம் வெயிலுக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் பனி மலையில் அதுவே சத்துருவாகிறது. ஏறும்போது வியர்வையைக் குடித்துக்கொள்கிறது. நின்றதும் அந்த ஈரம் உடலின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. கம்பளியோ நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பை விடாது. ஒரே கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு வியர்ப்பதைவிட, மெல்லியதாகப் பல அடுக்கு அணிந்து, ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்வதே விவேகம். காலைப் பிடிக்கும் பூட்ஸ் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் ஆபத்து: ரத்த ஓட்டம் தடைப்பட்டால் விரல்கள் பனியில் கருகிப்போகும்.

அந்நாட்டுச் சுதேசிகளுக்கு இதையெல்லாம் கடைக்காரர் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. வட நாட்டுப் பூர்வ குடிகள் தளர்ந்த தோல் உடுப்பும், மென்மையான தோல் பாதரட்சையும் அணிந்தார்கள். பனியின் கூச்சத்தால் கண் கெடாமலிருக்க, மரத்திலும் எலும்பிலும் சிறு கீறல் விட்டுக் கண்காப்புச் செய்துகொண்டார்கள். சில்கூட் பாதையே கிலிங்கிட் ஜாதியாரின் பழைய வியாபார வழி. வந்தேறிகளுக்கு அவர்கள் கூலிக்குச் சுமை தூக்கினார்கள். 1898-ஆம் வருஷம் ஏப்ரல் மாத ஆரம்பத்தில் பனி கனத்துக் கிடப்பதைக் கண்டு, இப்போது மலையேறக் கூடாது என்று அவர்கள் எச்சரித்து நின்றுவிட்டார்கள். அதைக் கேளாமல் பலர் போனார்கள். 3-ஆம் தேதி பனிச் சரிவு இறங்கியது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் புதைந்து மாண்டார்கள். அவர்களிடம் கம்பளியும் இருந்தது, ரப்பர் பூட்ஸும் இருந்தது. மலையை அறிந்தவன் சொல்லை மட்டும் அவர்கள் மூட்டையில் கட்டிக்கொள்ளவில்லை.

ஸ்திரீகளும் இந்த மலையை ஏறினார்கள். 1898-ஆம் வருஷக் கோடையில் மார்த்தா என்னும் மாது, அக்காலத்து நாகரிகப்படி இறுகிய கச்சும், உயர்ந்த கழுத்துப் பட்டியும், கனத்த நீண்ட பாவாடையுமாக, வயிற்றில் குழந்தையோடு கணவாயைக் கடந்தாள். வழியெல்லாம் அவள் சபித்தது மலையை அல்ல, தன் உடுப்பையே! பின்னாளில் மார்த்தா பிளாக் என்று பெயர் பெற்று, 1935-ஆம் வருஷம் யூகானிலிருந்து கானடாப் பார்லிமெண்டுக்கு அந்த அம்மாள் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

இத்தனை பாடுபட்டு டாஸனை அடைந்தவர்கள் முப்பது, நாற்பதினாயிரம் பேர். அதற்குள் நல்ல ஓடைகளெல்லாம் பிறர் கைக்குப் போயிருந்தன. பொன்னைக் கண்டவர்கள் சுமார் 4,000 பேர்தான்.

ஆனால் அந்த மண்ணுக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள்? க்ளாண்டைக் முகத்துவாரத்தில் மீன் பிடித்து வாழ்ந்த ஹான் மக்கள், கூட்டத்தின் நெருக்கடி தாங்காமல், நதியின் கீழே சில மைல் தூரத்திலிருந்த மூஸ்ஹைட் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் தலைவர் ஐஸக், இந்த வெள்ளத்தில் தம் ஜனங்களின் பாட்டுக்கள் அழிந்துபோகும் என்று கண்டார். ஆகவே அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் அந்தப் பாட்டுக்களை ஒப்புவித்து, பத்திரமாய் வைத்திருக்கச் சொன்னார். தலைமுறைகள் கழிந்தபின் பேரப் பிள்ளைகள் அங்கே போய், அவற்றைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுடைய தாயகம் 2023-ஆம் வருஷம் உலகப் பாரம்பரியத் தலமாக அங்கீகரிக்கப்பட்டது.

இன்று சில்கூட்டில் நடக்கிறவர்கள் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் போகிறார்கள். முதுகிலே சிறு மூட்டை. அதில் மாற்றுக் கம்பளி மேஜோடும், மழை அங்கியும், சில நாள் ஆகாரமும். வழியில் கிடக்கும் துரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாதென்பது சட்டம். எடுக்கத்தான் எதற்கு? ஒரு டன் சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். எடையே இல்லாத ஒன்றைக் கட்டி அனுப்பி வைத்தவருடைய பொருள் மட்டும் முழுதாக வீடு வந்து சேர்ந்தது.