கருவியின் குற்றமன்று

சென்ற ஆண்டு எமது கல்லூரி விஞ்ஞான மாணவர் முன்னிலையில் ஒரு புதுமுறை வானொலிக் கருவியை இயக்கிக் காட்டுவதாக வாக்களித்தோம். அவ்வாக்கைக் காப்பாற்ற யாம் பட்ட பாட்டையே இங்கு எழுதத் துணிந்தோம். நகைப்புக்கு இடமாயினும் மாணவ நண்பர்க்கு இதிற் பயனுண்டு.

யாம் இக்கல்லூரியிற் பயின்ற அறுபதுகளில் வானொலிப் பெட்டி என்றால் கம்பிச் சுருளும் கொண்டென்சரும் வால்வும் நிறைந்ததொன்று. திருகைத் திருப்பினால் நிலையம் மாறும். இன்றோ அவ்வேலையிற் பெரும்பகுதியைக் கணினி வெறுங் கணக்காகவே செய்துவிடுகின்றது. ஆர்டிஎல்2832யு என்னும் சில்லைக் கொண்ட பெருவிரலளவான கருவியொன்று உண்டு. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. ஆயினும், வானலையை அளந்து, செக்கனுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகளாகக் கணினிக்கு அனுப்பவும் அதனால் இயலும் என்பது 2012ஆம் ஆண்டளவிற் பரவலாகத் தெரியவந்தது. ஆர்820டி என்னும் துணைச் சில்லும் சேர்ந்திருப்பின், ஏறக்குறைய 24 முதல் 1766 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கலாம்.

அத்தகைய கருவியொன்றைக் கொழும்பு வணிகர் ஒருவரிடமிருந்து தபாலில் வரவழைத்து, எமது லினக்ஸ் கணினியிற் செருகினோம். வேண்டிய மென்பொருளை மூலநிரலிலிருந்து யாமே தொகுத்து நிறுவியிருந்தோம். ஆர்டிஎல்_டெஸ்ட் என்னும் சோதனைக் கட்டளையை இட்டோம். பிழை -3 என்றது. நிர்வாகி அதிகாரத்துடன் மீண்டும் இட்டோம். பிழை -6 என்றது. வேறு துளையிற் செருகிப் பார்த்தோம், கணினியை அணைத்து மீண்டும் இயக்கினோம், பயனில்லை. பழுதான பொருளை விற்றுவிட்டீர் என்று அவ்வணிகருக்குக் கடுமையாக ஒரு கடிதமும் அனுப்பிவிட்டோம். மறுநாட் காலை மாணவர் காத்திருப்பர். எமக்கு உறக்கம் வரவில்லை.

அவ்விரவு எமது பேர்த்தி அருகில் வந்து நின்று, “அப்பப்பா, பிழை இலக்கத்தின் அருகே இன்னும் சில வரிகள் இருக்கின்றனவே, வாசித்தீர்களா?” என்றாள்.

யாம் வாசிக்கவில்லை. இலக்கத்தைக் கண்டதும் தீர்ப்புக் கூறிவிட்டோம்.

அவ்வரிகளை வாசித்தபின் உண்மை விளங்கிற்று. எல்எஸ்யுஎஸ்பி என்னும் கட்டளை தந்த பட்டியலிற் கருவியின் பெயர் ஒழுங்காக இருந்தது. ஆகவே அதற்கு உயிருண்டு. ஆனால் அதனைத் தொலைக்காட்சிக் கருவியென்றே கண்ட லினக்ஸ், செருகிய கணத்திலேயே டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு என்னும் தனது இயக்கியிடம் அதனை ஒப்படைத்துவிட்டது. ஒருவர் கையிலிருக்கும் பொருளை மற்றவர் எடுப்பதெங்ஙனம்? பிழை -6 சொன்னது அதுவே. பிழை -3 சொன்னதோ, சாதாரணப் பயனருக்குக் கருவியைத் திறக்க அனுமதியில்லை என்பது. இரண்டும் நோயை மட்டுமன்றி மருந்தையும் உடன் கூறியிருந்தன.

ஆர்எம்மொட் கட்டளையால் அவ்வியக்கியை இறக்கினோம். மீண்டும் தானாக ஏறாதவாறு அதன் பெயரை விலக்குப் பட்டியலில் எழுதினோம். யுடெவ் விதிக் கோப்பை உரிய இடத்தில் வைத்து, விதிகளை மீள ஏற்றி, கருவியைக் கழற்றிச் செருகினோம். மாதிரிகள் தடையின்றி ஓடத் தொடங்கின. முழுவேலையும் கால்மணி நேரத்துள் முடிந்தது.

மறுநாள், ஏழு சென்ரிமீற்றர் நீளமான கம்பியை ஏரியலாக நிறுத்தி, 1090 மெகாஹேர்ட்சில் ஆகாய விமானங்கள் தம் உயரத்தையும் இருப்பிடத்தையும் அறிவிப்பதை மாணவருக்குக் காட்டினோம். கண்ணுக்குத் தெரியாத விமானமொன்றின் உயரம் திரையிற் படிப்படியாகக் குறைவதைக் கண்டு அவர்கள் ஆரவாரித்தனர்.

வீடு திரும்பியதும் வணிகருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். இயக்கியை இறக்குவதிலும் அக்கடிதத்தை எழுதுவதே எமக்குக் கடினமாயிருந்தது.

இக்கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் எமது ஆசிரியர், “முள் காட்டுவதை முதலில் எழுது, உன் அபிப்பிராயத்தைப் பின்னர் எழுது” என்பார். அறுபதாண்டு கழிந்தும் அப்பாடத்தில் யாம் தவறினோம். பேர்த்தி திருத்தினாள். எமக்குப்பின் வரும் மாணவர் எம்மினும் விரைவில் அதனைக் கற்பாராக.